1969-எஸ் சென்ட்டில் எழுத்துகள் இரண்டாகத் தெரிகின்றன: டபுள் டையா, இயந்திர இரட்டிப்பா?

கேள்வி (சில்லறைப்பெட்டி):
வணக்கம். என்னிடமுள்ள 1969-எஸ் லிங்கன் சென்ட் (அமெரிக்க ஒரு சென்ட் நாணயம்) ஒன்றைப் 10 மடங்கு லென்ஸில் பார்த்தபோது, ஆண்டின் எண்களுக்கும் அதன் கீழுள்ள எஸ் குறிக்கும் (சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையின் அடையாளம்) வலப்பக்கமாக இன்னொரு விளிம்பு தெரிந்தது. அதே ஆண்டின் புகழ்பெற்ற டபுள் டை (அச்சிலேயே உருவம் இரட்டித்த) நாணயம் இதுதானா என்பதை எவ்வாறு உறுதி செய்வது?

மறுமொழி (அச்சுக்கூடம்):
எஸ் குறியும் இரட்டித்திருக்கிறது என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை வந்துவிட்டது. உருவம் புடைத்து நிற்கும் ஹப்பை எஃகில் அழுத்தித்தான் நாணயத்தை அடிக்கும் அச்சான டையைத் தயாரிக்கிறார்கள்; அக்காலத்தில் ஒரே அழுத்தத்தில் உருவம் முழுமையாகப் பதியாததால், டையைச் சூடேற்றி இளக்கி மறுபடியும் அழுத்துவார்கள். அந்த இரண்டாம் அழுத்தம் சற்றே திரும்பி விழுந்தால் பிழை டையிலேயே நிலைத்துவிடும். அந்த டை அடிக்கும் நாணயங்கள் அனைத்திலும் அதே இரட்டை உருவம் வரும். ஆனால் நாணயச்சாலைக் குறியை அதற்குப் பிறகே, தனிப் பஞ்ச்சால், கையால் அடித்தார்கள். ஆகவே உண்மையான 1969-எஸ் டபுள் டையில் ஆண்டும் வாசகங்களும் தெளிவாக இரட்டித்திருக்க, எஸ் மட்டும் ஒற்றையாக நிற்கும்.

இயந்திர இரட்டிப்பு வேறு வகை. அடித்து முடிந்த கணத்தில், தளர்ந்திருக்கும் டை துள்ளியோ நகர்ந்தோ புதிதாக எழும்பிய எழுத்தின் ஓரத்தை மிதித்துவிடுகிறது. அங்கே உலோகம் கூடுவதில்லை, தட்டையாக நசுங்கித் தாழ்ந்த படி போலாகிறது. எழுத்தின் மேற்பரப்பு மெலிந்துவிடும். டபுள் டையிலோ எழுத்து வழக்கத்தைவிட அகன்று, இரு உருவங்களும் உருண்ட விளிம்போடு எழுந்து, முனைகளில் பிளவு காட்டும். விளக்கை ஒரு பக்கம் வைத்து நாணயத்தை மெல்லத் திருப்பிப் பாருங்கள். நசுங்கிய படி பளிச்சென்று மின்னும்.

மறுமொழி (பழங்காசு):
மேலே சொன்ன எஸ் சோதனை எல்லா ஆண்டுகளுக்கும் செல்லாது. 1990 முதல் சென்ட்டில் இக்குறி மற்ற டைகளுக்கு மூலமான மாஸ்டர் டையிலேயே இடம்பெறுவதால், பிந்தைய நாணயங்களில் அது எதையும் நிரூபிக்காது. பழைய நாணயத்தில் குறி மட்டும் இரட்டித்து மற்றவை ஒற்றையாக இருந்தால், பஞ்ச்சை இருமுறை அடித்ததால் வந்த தனிவகைப் பிழையாக இருக்கலாம். அதற்கும் சேகரிப்பாளர்கள் உண்டு.

மறுமொழி (தேய்ந்த டை):
மூன்றாவது சாத்தியமும் உண்டு. நெடுநாள் உழைத்துத் தேய்ந்த டையும் எழுத்தைச் சுற்றி மங்கிய நிழல் காட்டும். 1955 சென்ட்டில் கடைசி 5 மட்டும் இப்படித் தெரிவதை 'ஏழையின் டபுள் டை' என்று விற்பவர்கள் உண்டு. அதே ஆண்டின் உண்மையான டபுள் டையில் ஆண்டு முழுவதும், வாசகங்களும் கண்ணுக்கே தெரியும்படி விலகி நிற்கும். பெயர் அழகாக இருக்கிறதே என்று பணம் கொடுக்க வேண்டாம்.

சில்லறைப்பெட்டி:
விளக்கொளியில் திருப்பிப் பார்த்தேன். எண்களின் ஓரமும் எஸ்ஸின் ஓரமும் ஒரே திசையில் தட்டையாக மின்னுகின்றன. முனைகளில் பிளவு எதுவும் இல்லை.

அச்சுக்கூடம்:
அப்படியானால் இயந்திர இரட்டிப்புதான். 1969-எஸ் சென்ட்டுகளில் இது மிகச் சாதாரணம். தரச்சான்றுக்கு அனுப்பும் கட்டணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.