பிராக்கிதெரபி: உட்கதிரா, அண்கதிரா?

வணக்கம், சொல்லாக்க நண்பர்களே. நோயாளிகளுக்கான ஒப்புதல் படிவம் வெள்ளிக்குள் அச்சுக்குப் போகவேண்டும். அறுவைக்கு இடங்கொடாத மூச்சுக்குழல் புற்றுக்கான பிராக்கிதெரபிக்கு, அதாவது கதிர்வீசும் பொருளைக் கட்டிக்கு அருகிலேயே வைத்துத் தரும் சிகிச்சைக்கு, தமிழ்ச் சொல் தேவை. பிராங்கோஸ்கோப் (மூச்சுக்குழலுக்குள் பார்க்கும் கருவி) வழியே சுமார் 2 மி.மீ. தடிமன் கதீட்டரை, அதாவது மெல்லிய குழாயை, கட்டியைத் தாண்டிச் செலுத்தி, மூக்கருகே ஒட்டிவிடுவார்கள். எக்ஸ்ரேயில் நீளம் குறித்தபின், கம்பி நுனியிலுள்ள கதிர்வீசும் இரிடியம்-192 அதனுள்ளே போய், இடத்துக்கு இடம் நின்று நின்று திரும்பும். சில நிமிட வேலை. கதிரின் அளவைக் குறிப்பது பெரும்பாலும் இரிடியத்திலிருந்து 1 செ.மீ. தொலைவுக்கு. வாரம் ஒருமுறை 7.5 கிரே (கதிரளவின் அலகு), மூன்று வாரம் என்பது பரவலான திட்டம். 'உட்கதிர்ச் சிகிச்சை' என்று போட்டிருக்கிறேன். சரியா?

> உட்கதிர்ச் சிகிச்சை

வேண்டாம். தைராய்டுக்கு அயோடின்-131 விழுங்குவதும் உட்கதிர்தான். அது உடம்பில் தங்கிச் சிறுநீரில் போகும். இங்கே கம்பி வெளியே வந்ததும் உடம்பில் கதிர் மிச்சமில்லை. வீட்டில் பிள்ளையைத் தூக்கலாமா என்று கேட்பவர் குழம்பக் கூடாது. கிரேக்க 'பிராக்கிஸ்' குறுமை. 'குறுங்கதிர்' என்போம்.

> குறுங்கதிர்

குறுகியது அலைநீளமா, நாள்கணக்கா? தொலைவல்லவா! அண்மை + கதிர், ஈறுபோதலால் 'அண்கதிர்'. சிகிச்சை வடசொல், அதற்குப் பதில் பண்டுவம்: 'அண்கதிர்ப் பண்டுவம்'.

> அண்கதிர்

மண் + குடம் மட்குடம். அப்படியானால் 'அட்கதிர்' அல்லவா?

> அட்கதிர்

ஐயா, அது வேற்றுமைப் புணர்ச்சிக்கு. இது பண்புத்தொகை, அல்வழி, இயல்பாகும். வெண்குடையை யாராவது வெட்குடை ஆக்கினார்களா? போகட்டும், மேற்கையைக் குறிக்கும் கிரேக்க 'பிராக்கியோன்' கூட இந்தப் பிராக்கிஸின் உறவுதான் என்பார்கள். 'கைக்கெட்டும் கதிர்' என்றே சொல்லலாம்!

> பண்டுவம்

எங்கள் பக்கம் பண்டுவம் என்றால் நாட்டுமருந்து. அண்மை நல்ல சொல், ஆபத்தையும் அதுவே சொல்கிறது: தொலைவு பாதியானால் செறிவு ஏறத்தாழ நான்கு மடங்கு. கதீட்டர் நடுவில் நிற்காமல் சுவரில் ஒட்டிக் கிடந்தால் அவ்விடம் மிகையாக வாங்கும். பின்னால் புண், குழல் சுருக்கம், சிலருக்கு உயிருக்கே ஆபத்தான இரத்தப்போக்கு. அதைப் படிவத்தில் 'குருதியுமிழ்வு' என்று எழுதியிருக்கிறீர்கள். 'இருமும்போது இரத்தம்' என்று மாற்றுங்கள்.

> மூச்சுக்குழல்

இலங்கைப் பாடநூல்களில் இது வாதனாளி. உங்கள் படிவத்தில் குழல், குழாய் இரண்டும் மாறிமாறி வருகின்றன. பெருங்குழலா, கிளையா? ஒரு படம் போட்டுவிடுங்கள்.

படம் சேர்த்தாயிற்று. உங்கள் கருத்துகளைச் சேர்த்துப் பார்த்து 'அண்மைக்கதிர்ச் சிகிச்சை' என்று போட்டேன், பக்கத்தில் பிராக்கிதெரபி. அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

> அண்மைக்கதிர்ச் சிகிச்சை

'அண்கதிர்' முன்மொழிந்த என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். வெளியிலிருந்து பாய்ச்சும் கதிருக்குச் 'சேண்கதிர்' (சேண் என்றால் தொலைவு) தேவைப்படும் நாளில் இணைக்கு 'அண்கதிர்' தேடி வருவீர்கள்.