ஸ்கேனில் ஒன்றுமில்லை என்கிறார்கள்: அக்காவின் வலிகளுக்கு வீட்டில் வாங்கிய அடி காரணமாக இருக்குமா?

தங்கை_வைகைக்கரை:

வணக்கம். என் அக்காவுக்கு 41 வயது. திருமணமாகி 19 ஆண்டுகள் ஆகின்றன. அவள் அடி வாங்குகிறாள் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. கடந்த 3 ஆண்டுகளாகத் தலைவலி, கழுத்திலிருந்து தோள்வரை இறங்கும் வலி, அடிவயிற்று வலி, சாப்பிட்டவுடன் வயிற்றைப் புரட்டுவது என்று ஏதாவது ஒன்று அவளைப் படுத்திக்கொண்டே இருக்கிறது. ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்தாயிற்று. எல்லாம் நார்மல், மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள் என்று சொல்லி ஒரு கேஸ் மாத்திரையும் ஒரு தூக்க மாத்திரையும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் மாமாதான் கூடப் போகிறார்; மருத்துவர் கேட்பதற்கும் அவரே பதில் சொல்லிவிடுகிறார்.

போன மாதம் ஊருக்கு வந்திருந்தபோது அவளுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு முந்தைய வாரம் மாமா கழுத்தைப் பிடித்தபோது கண் இருட்டிவிட்டதாகவும், நினைவு வந்து பார்த்தால் புடவை நனைந்திருந்ததாகவும், அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைச் சொல்வதுபோல அவள் சொன்னாள். அதன்பிறகு சில வாரங்கள் குரல் கம்மிப்போயிருந்ததை நாங்கள் சளி என்று நினைத்திருந்தோம்.

இத்தனை வலிகளுக்கும் அந்த அடிகளுக்கும் தொடர்பு இருக்க முடியுமா? இருந்தால், மருத்துவரிடம் அதை எப்படிச் சொல்வது?

ஓய்வுபெற்ற_மருத்துவர்:

அரசு மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் கழுத்து, மற்றவை அதற்குப் பிறகுதான்.

கழுத்தை நெரிக்கும்போது மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்டுச் சில நொடிகளிலேயே நினைவு தப்பிவிடும். புடவை நனைந்தது, மூளைக்குப் பிராணவாயு போதாமல் உடல் சிறுநீரை அடக்கும் கட்டுப்பாட்டை இழந்ததற்கான அடையாளம். அதை வெட்கத்துக்குரிய விஷயமாக நினைத்து மருத்துவரிடம் மறைத்துவிட வேண்டாம். குரல் கம்முவது, விழுங்கும்போது வலிப்பது, கண்ணின் வெள்ளைப்பகுதியிலோ இமையின் உட்புறத்திலோ ஊசி முனை அளவுச் சிவப்புப் புள்ளிகள் தெரிவது ஆகியவைதான் நாங்கள் தேடும் தடயங்கள். கழுத்தில் விரல் பதிந்த தடம் பலரிடம் இருக்கவே இருக்காது. கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தால், அங்கே கட்டும் ரத்தம் சில நாட்களோ வாரங்களோ கழித்து மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தை உண்டாக்கலாம். பல மாதங்கள் ஆகிவிட்டாலும், தலைவலியும் கழுத்துவலியும் தொடர்வதால் நரம்பியல் மருத்துவரிடம் இந்த நிகழ்வை அப்படியே சொல்லுங்கள், ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேனான சி.டி. ஆஞ்சியோகிராம் கழுத்துக்குத் தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய இன்னொன்று, ஒருமுறை கழுத்தைப் பிடித்தவர் பின்னாளில் கொலைவரை போகும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்பதாகும்.

அடுத்தது தலைவலி. தலையில் திரும்பத் திரும்ப அடிபடும்போது மூளை குலுங்குகிறது. அந்தக் குலுக்கல் சாதாரண ஸ்கேனில் தெரியாது. ஆனால் மறதி, தலைசுற்றல், வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமை என்று நீண்ட நாள் தங்கிவிடும். வயிற்றுக் கோளாறும் அடிவயிற்று வலியும் கற்பனை அல்ல. எந்த நேரம் எது நடக்குமோ என்று ஆண்டுக்கணக்கில் விறைப்பாகவே இருக்கும் உடலில் மன அழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்களின் ஒழுங்கு குலைகிறது, தசைகள் தளர மறுக்கின்றன, வலியைக் கடத்தும் நரம்புகள் சிறு தூண்டலுக்கும் கூச்சலிடப் பழகிவிடுகின்றன. ஸ்கேன் நார்மல் என்பதற்கு, அந்த ஸ்கேன் காட்டக்கூடிய கோளாறு இல்லை என்பது மட்டுமே பொருள்.

எங்கள் தரப்புத் தவறையும் சொல்லிவிடுகிறேன். வழுக்கி விழுந்தேன் என்று சொல்லி வரும் பெண்ணின் எக்ஸ்ரேயில், கையை ஊன்றி விழுந்தவருக்கு வழக்கமாக முறியும் மணிக்கட்டு நன்றாக இருக்கும். முன்கையின் சுண்டுவிரல் பக்க எலும்போ நடுவில் முறிந்திருக்கும். முகத்தில் விழவிருந்த அடியைத் தடுக்கக் கையை உயர்த்துபவருக்கு முறியும் இடம் அது. அதைப் பார்த்தும், கணவர் பக்கத்தில் நிற்கிறார் என்பதற்காக, மாவுக்கட்டு போட்டு அனுப்பிவைத்த நாட்கள் எனக்கும் உண்டு. ஆகவே அக்காவை நீங்கள் அழைத்துப் போங்கள். உள்ளே நுழைந்ததும், தனியாகப் பேச வேண்டும் என்று செவிலியரிடம் சொன்னால் போதும்.

நடுநிலையாளன்:

மன்னிக்கவும், எதற்கெடுத்தாலும் கணவன் அடித்ததுதான் காரணம் என்று முடிவு கட்டுவது சரியல்ல. 41 வயதில் தைராய்டு, ரத்தசோகை, மாதவிலக்கு நிற்கப்போகும் காலத்தின் மாற்றங்கள் என்று எவ்வளவோ இருக்கின்றன. குடும்பத்தில் இருக்கும் சண்டையை மருத்துவமனைவரை கொண்டுபோனால் 19 ஆண்டு வாழ்க்கை என்னாவது?

மல்லிகைப்பந்தல்:

நடுநிலையாளன் அவர்களுக்கு: தைராய்டும் ரத்தசோகையும் பார்க்க வேண்டியவைதான், பாருங்கள். ஆனால் நினைவு தப்பும்வரை கழுத்தை நெரிப்பதற்குச் சண்டை என்று பெயர் வைக்காதீர்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கன்னத்தில் விழுந்த ஓர் அறையில் இடது காதில் குப்பென்று அடைத்துக்கொண்டது. மாமியார் நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றினார், மறுநாளே சீழ். செவிப்பறை கிழிந்திருந்தால் காதுக்குள் எண்ணெயோ தண்ணீரோ போகவே கூடாது என்பதும், எதுவும் ஊற்றாமல் விட்டிருந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே மூடியிருக்கும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இன்றும் யாராவது இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டேன். திமிர் பிடித்தவள் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது.

2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான 18 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். இந்திய அளவில் அது 29.3. அத்தனை வீடுகளிலும் யாரோ ஒருவர் காதுக்கு எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வழக்கறிஞர்_மதுரை:

மருத்துவம் குறித்து ஐயா சொல்லிவிட்டதால், காகிதத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அரசு மருத்துவமனையில் காயத்தோடு போனால் ஏ.ஆர். என்னும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். கீழே விழுந்ததாகச் சொல்லப்படுகிறது என்று அதில் ஏறிவிட்டால், பின்னாளில் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு முதலில் தூக்கிக் காட்டுவது அந்த வரியைத்தான். எந்த நாள், எந்த நேரம், எந்த இடத்தில், யாரால், கையாலா கட்டையாலா என்பதை உங்கள் அக்காவே தன் வாயால் சொல்லி எழுதவைத்து ஏ.ஆர். காப்பியைக் கேட்டு வாங்குங்கள். பழைய காயங்களையும் மருத்துவச் சீட்டில் குறிக்கச் சொல்லலாம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் விதிகள்படி, புகார் கொடுக்கவில்லை என்ற காரணத்தைக் காட்டி சிகிச்சையை மறுக்கக் கூடாது. மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலையும் இலவசமாகத் தர வேண்டும். அந்தச் சட்டம் வன்முறை என்பதை வரையறுக்கும்போதே உடல்நலத்துக்கு விளையும் கேட்டையும் சேர்த்திருக்கிறது. மருத்துவச் செலவைக் கணவரிடமிருந்து கேட்டுப் பெறவும் அதில் வழி உண்டு.

வழக்குப் போடுவதா, எப்போது போடுவது என்பதை உங்கள் அக்கா முடிவு செய்யட்டும். அவரைக் கேட்காமல் நீங்கள் மாமாவிடம் போய்ச் சண்டை பிடித்தால் அன்றிரவு அந்த வீட்டில் இருக்கப்போவது உங்கள் அக்காதான். சமூக நலத்துறையின் கீழ் மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். மருத்துவச் சீட்டுகளையும் காயங்களின் படங்களையும் உங்கள் கைபேசிக்கு அனுப்பிவிட்டுத் தன் கைபேசியிலிருந்து அழித்துவிடும்படி அக்காவிடம் சொல்லுங்கள்.

தங்கை_வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. மருத்துவர் ஐயா எழுதியதை நேற்று அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். புடவை நனைந்ததற்குக் காரணம் இன்னது என்று தெரிந்தபோதுதான் அழுதாள். அதுவரை தன் உடம்பு கேவலமாகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வழக்குப் பற்றி இப்போது எதுவும் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஆனால் வியாழக்கிழமை மாமா வேலைக்குப் போன பிறகு நரம்பியல் புறநோயாளிப் பிரிவுக்கு என்னோடு வரச் சம்மதித்திருக்கிறாள். தைராய்டையும் சேர்த்தே பார்த்துவிடுகிறோம். சொல்ல வேண்டியதைத் தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். 19 ஆண்டுகளும் எப்படி நினைவிருக்கும் என்று கேட்டவள், உட்கார்ந்து எழுத ஆரம்பித்து, இரவு 11 மணிக்கு இன்னொரு நோட்டு கேட்டாள்.