உருளும் சக்கரத்தை மட்டுப்படுத்துவது உராய்வா, தடையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சக்கரம் உருளும்போது அதன் ஓட்டத்தைக் குறைக்கிற விசைக்கு (ஆங்கிலத்தில் rolling resistance) தமிழில் 'உருளுராய்வு' என்ற சொல்லே போதும் என்று முந்தைய மடலில் வந்த கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. சொல் ஓசையோடு அமைந்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது காரணத்தைத் தவறாகச் சொல்கிறது.

வழுக்காமல் உருளும் சக்கரத்தில், தரையைத் தொடும் இடம் அந்தக் கணத்தில் தரைமேல் தேய்வதில்லை. வண்டியின் எடையால் டயரின் அடிப்பக்கம் சப்பையாகிறது. தரையை விட்டு விலகும்போது பழைய வடிவத்துக்கு மீள்கிறது. அமுங்கும்போது வாங்கிய ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தராததால், மிச்சம் வெப்பமாகிவிடுகிறது. மாற்றத்துக்கு உடனே ஈடுகொடுக்காமல் பொருள் பின்தங்குவதைக் காந்தவியலில் நாம் 'தயக்கம்' (hysteresis) என்று சொல்லிப் பழகியிருக்கிறோம், அதுதான் இங்கும் நடக்கிறது. எனவே தொடுபரப்பின் முன்பாதியில் அழுத்தம் கூடி, தரையின் எதிர்விசை அச்சுக்குச் சற்று முன்னால் விழுந்து, சக்கரத்தின் சுழற்சியை எதிர்க்கிறது.

மதுரையில் சித்திரைத் தேர் மாசி வீதிகளில் வருவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை எளிதாக விளக்கலாம். வடம் பிடிப்பவர்கள் தேரை உருட்டிக்கொண்டு போகும்போது எதிர்ப்பது ஒன்று. முனையில் திருப்புவதற்காகச் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போட்டதும் கட்டை அரைபட்டுத் தேய்கிறதே, அது வேறொன்று. பின்னதுதான் உராய்வு. இரண்டுக்கும் உராய்வு என்ற ஒரே பெயரை வைத்து, அதுதான் உருள்வதை எதிர்க்கிறது என்று சொல்லிவிட்டு, உராய்வு இல்லாவிட்டால் சக்கரம் உருளாமல் வழுக்கிவிடும் என்றும் மாணவரிடம் சொன்னால், அவர் நம்மை எப்படி நம்புவார்?

சென்ற மாதம் திருமங்கலம் சாலையில் என் பழைய கார் நின்றுவிட்டது. கயிற்றோடு வந்த மெக்கானிக் தம்பி, கட்டி இழுப்பதற்கு முன் பின்டயரைக் காலால் ஒரு மிதி மிதித்துப் பார்த்துவிட்டு, "காத்து கம்மியா இருக்குண்ணே, வண்டி இழுவையா இருக்கும்" என்று சொல்லிக் காற்றடித்தார். அவருடைய 'இழுவை' அருமையான சொல். ஆனால் நம் தேவைக்கு உதவாது, ஏனெனில் வண்டியை முன்னால் இழுக்கிற விசையையும் நாம் இழுவிசை என்றே எழுதுகிறோம். ஒரு கயிற்றின் இரு முனைக்கும் ஒரே பெயர் வைத்ததாகிவிடும்.

என் கார் சுமார் 900 கிலோ. நல்ல தார்ச்சாலையில் இந்த எதிர்ப்பு எடையில் ஏறத்தாழ 0.015 பங்கு, அதாவது 13 அல்லது 14 கிலோ எடைக்குச் சமம், ஒருவரே தள்ளிவிடலாம். 30 அடிக்கு 1 அடி உயரும் மேம்பாலத்தில் சரிவு மட்டுமே மேலும் 30 கிலோவைச் சேர்க்கும். வைகை மணலில் இறங்கினாலோ அந்தப் பங்கு 0.2, 0.3 என்று ஏறி, 180 கிலோவைத் தாண்டிவிடும். அங்கே டயரை விட மணலே அதிகம் நெகிழ்கிறது என்பதால், 'டயர் நெளிவு' போன்ற பரிந்துரையும் நிற்காது. இரும்புத் தண்டவாளத்தில் 0.002 அளவுக்கு இறங்குவதையும் அதே சொல் தாங்க வேண்டும்.

ஆகவே நான் முன்வைப்பது 'உருள்தடை'. உருள்பெருந்தேர் என்று குறளிலேயே உருள் இப்படி முன்னொட்டி நிற்கிறது. இலக்கணப்படி 'உருடடை' என்றல்லவா புணர வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, அப்படி எழுதினால் படிப்பவர் அதை அடைவகை என்று நினைப்பார் என்பதே என் பதில். மின்னோட்டத்தை எதிர்ப்பதை 'மின்தடை' என்பதுபோலத்தான் இங்கும் 'தடை' வருகிறது. மின்தடை என்றால் நாளிதழ் வாசகருக்கு மின்வெட்டுதான் நினைவுக்கு வரும் என்ற மறுப்பில் நியாயம் இருக்கிறது. எனினும் பாடநூலில் அது தடுமாற்றமின்றிப் புழங்குகிறது. உராய்வுக் குணகம் என்பதை ஒட்டி, மேலே சொன்ன 0.015 போன்ற எண்ணை 'உருள்தடைக் குணகம்' எனலாம்.

முட்டுக்கட்டையையே உருள்தடை என்று யாரேனும் புரிந்துகொள்வார்களோ என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. அதற்கு மாற்று இருந்தால் எழுதுங்கள்.