தமிழ்வழியில் படித்தவர்களின் ஆங்கில உச்சரிப்பு: எதை முதலில் திருத்த வேண்டும்?

கேள்வி: வேளச்சேரிவாசி

வணக்கம். என் அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். இப்போது பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. வளாக நேர்காணலுக்காகச் சென்னையிலேயே ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். அவளுடைய பேச்சில் 'எம்.டி.ஐ.', அதாவது தாய்மொழித் தாக்கம், அதிகமாக இருக்கிறது என்று சொல்லி, வீட்டில் தமிழ் பேசுவதையே நிறுத்துமாறு அங்கே அறிவுறுத்தியிருக்கிறார்கள். அதனால் அவள் பாட்டியிடம்கூடப் பேச்சைக் குறைத்துக்கொண்டுவிட்டாள். இது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. தமிழின் எந்தெந்த இயல்புகள் ஆங்கில உச்சரிப்பில் படிகின்றன, அவற்றுள் கேட்பவருக்குப் பொருள் விளங்காமல் செய்பவை எவை, தமிழை விடாமலேயே அவற்றைத் திருத்திக்கொள்ள இயலுமா என்பதை அறிந்தவர்கள் விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: தரமணி மொழியியல் ஆசிரியர்

வீட்டில் தமிழை நிறுத்துவதால் ஆங்கில உச்சரிப்பு திருந்தாது. அயல்மொழியின் ஒலிகளைத் தாய்மொழி என்னும் சல்லடையின் வழியாகவே நாம் கேட்கிறோம் என்று ரஷ்ய மொழியியலாளர் துருபெத்ஸ்கோய் எழுதினார். பாட்டியிடம் பேசாமல் இருப்பதால் அந்தச் சல்லடை மறைந்துவிடப் போவதில்லை. அது எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வதே பயன் தரும்.

தமிழில் வல்லின எழுத்தின் ஓசையை அது வரும் இடமே முடிவு செய்கிறது. 'பக்கம்', 'பங்கு', 'பகல்' ஆகிய மூன்றிலும் ககரம் இருந்தாலும் அதன் ஓசை மூன்று விதமாக ஒலிக்கிறது. கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இதை ஒரு விதியாகவே வகுத்துக் காட்டினார். நாம் ஆங்கிலம் பேசும்போதும் இந்த விதி தானாகவே வேலை செய்கிறது. 'கம்பெனி', 'சிம்பிள்' ஆகிய சொற்களில் ஆங்கிலேயர் 'பள்ளி' என்பதன் பகரத்தை ஒலிக்க, நாம் மகர ஒற்றுக்குப் பின் வருவதால் 'அம்பு' என்பதன் பகரத்தை ஒலித்துவிடுகிறோம். 'அங்கிள்' என்பதன் ககரத்துக்கும் இதுவே நேர்கிறது. 'பேப்பர்', 'லாக்கர்', 'மீட்டர்' என்று ஒற்றை இரட்டித்து எழுதுவதும் இதனால்தான், ஏனெனில் இரட்டிக்காவிட்டால் அந்த இடத்தில் வல்லோசை நிலைக்காது.

வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடிவதில்லை என்பதால் கேக்கு, லைட்டு, டிக்கெட்டு என்று இறுதியில் உகரம் சேர்கிறது. சொல்லின் முதலில் வரும் எகரத்துக்கு முன் யகரமும் ஒகரத்துக்கு முன் வகரமும் நுழைவதால் 'யெம்.யெல்.ஏ.' என்றும் 'வொன்லி' என்றும் பலர் சொல்வதைக் கேட்கிறோம்.

இன்னொன்றையும் உங்கள் அக்கா மகள் அறிந்திருக்க வேண்டும். முற்றிலும் புதிய ஒலியைவிட, தாய்மொழி ஒலிக்கு நெருக்கமாக இருந்தும் அதனோடு ஒன்றாத ஒலியைக் கற்பதே கடினம் என்பது இத்துறையில் நெடுங்காலம் ஆராய்ந்த ஜேம்ஸ் ஃப்ளெகியின் கருத்து. என் பார்வையில் சொற்களுக்கும் இது பொருந்தும். கல்லூரியில் புதிதாகக் கற்ற கலைச்சொல்லை அவள் சரியாகவே சொல்லக்கூடும். சிறுவயதிலேயே தமிழோடு தமிழாகக் காதில் விழுந்த கம்பெனியும் டிக்கெட்டும்தான் எளிதில் மாறமாட்டா.

பதில்: ஓ.எம்.ஆர். குரல் பயிற்சியாளர்

மேலே சொல்லப்பட்டவை சரியானவை. ஆனால் எதை முதலில் திருத்துவது என்ற கேள்விக்கு என் விடை வேறு. பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள அழைப்பு மையங்களில் பயிற்சி அளித்த அனுபவத்தில் சொல்கிறேன்: எதிர்முனையில் இருப்பவர் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு, தனி ஒலிகளைவிடச் சொல்லழுத்தமே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. தமிழில் ஏறக்குறைய எல்லா அசைகளையும் நிறைவாக ஒலிக்கிறோம், எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்பதால் சொல்லின் பொருளும் மாறுவதில்லை. ஆங்கிலத்திலோ ஓர் அசை ஓங்கி ஒலிக்க, மற்றவற்றின் உயிரொலிகள் தேய்ந்துவிடுகின்றன. 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையிலும், 'ஃபோட்டோகிராஃபர்' என்பதில் இரண்டாம் அசையிலும், 'ஃபோட்டோகிராஃபிக்' என்பதில் மூன்றாம் அசையிலும் அழுத்தம் விழுகிறது. நாம் மூன்றையும் ஒரே சீராகச் சொல்வதால், கேட்கும் ஆங்கிலேயருக்குச் சொல்லை அடையாளம் காணும் பிடி கிடைப்பதில்லை.

அடுத்தது மூச்சு. ஆங்கிலச் சொல்லின் முதலில் வரும் க, ட, ப ஆகிய வல்லோசைகள், அழுத்தம் பெற்ற அசையில் ஒரு மூச்சுக்காற்றோடு வெளிப்படுகின்றன. நாம் அந்த மூச்சில்லாமல் ஒலிப்பதால், பேனாவைக் குறிக்கும் 'பென்' என்ற சொல் அவர்கள் காதில் 'பெஞ்ச்' என்பதன் முதலொலியோடு விழக்கூடும். உதடுகளுக்கு முன்னால் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தால், தாள் அசைகிறதா என்பதிலிருந்தே அவளுக்குத் தெரிந்துவிடும்.

மூன்று என்னும் எண்ணைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ்த் தகரத்தோடு 'த்ரீ' என்று சொல்வதற்காகப் பயிற்சி வகுப்புகளில் அவளைக் கடிந்துகொண்டால், அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. நாம் 'த்ரீ', 'ட்ரீ' இரண்டையும் வேறுபடுத்தியே சொல்கிறோம். உலகப் பொது ஆங்கிலத்தைப் பற்றி 2000-இல் எழுதிய மொழியியலாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸும், பேச்சு விளங்குவதற்கு இன்றியமையாத ஒலிகளின் பட்டியலில் 'த்ரீ' என்பதன் ஆங்கில முதலொலியைச் சேர்க்கவில்லை. சொல்முதல் மூச்சையோ சேர்த்திருக்கிறார். மன்ரோவும் டெர்விங்கும் கனடாவில் நடத்தி 1995-இல் வெளியிட்ட ஆய்விலும், அயல்சாயல் மிகுந்ததாகக் கேட்பவர்கள் மதிப்பிட்ட பேச்சு பலமுறை அவர்களுக்கு முழுமையாகவே விளங்கியிருந்தது. சாயல் வேறு, விளங்காமை வேறு என்பதை அந்த வகுப்பினர் உணர வேண்டும்.

பதில்: யாழ்ப்பாணத்தான், வளசரவாக்கம்

தமிழ் என்று பொதுவாகச் சொன்னாலும், எந்த ஊர்த் தமிழ் என்பதையும் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தின் 'ட்' ஒலிக்கு நாக்கின் நுனி மேற்பல்லுக்குச் சற்று மேலே பல்லீற்றைத் தொடும். சென்னைத் தமிழர் அதை நாவை மடித்து டகரமாக ஒலிக்கிறார்கள். எங்கள் ஊரில் 'காற்று', 'வெற்றி' ஆகிய சொற்களிலுள்ள றகரத்தை இன்றும் அந்தப் பல்லீற்று ஒலியாகவே சொல்கிறோம், மலையாளிகளும் அப்படித்தான். அதனால்தான் டிக்கெட், சாக்லேட், டொரன்டோ ஆகியவற்றை ரிக்கற், சொக்லேற், ரொறன்ரோ என்றெல்லாம் எழுதுகிறோம். எனவே இந்த ஒலி தமிழுக்கு அயலானது அன்று. வீட்டில் தமிழை நிறுத்தச் சொன்னவர்களிடம் இதைத் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.

வேளச்சேரிவாசி

மூவருக்கும் மிக்க நன்றி. நேர்காணலுக்கு இன்னும் சில மாதங்களே இருக்கும் நிலையில், அவள் நாள்தோறும் எதைச் செய்ய வேண்டும்?

ஓ.எம்.ஆர். குரல் பயிற்சியாளர்

தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் பேச்சையும், இறுதியாண்டுக்கான செயல்திட்ட விளக்கத்தையும் முதலில் எழுதிக்கொள்ளட்டும். நேர்காணலில் நிச்சயமாகக் கேட்கப்படுபவை அவைதான். அவற்றில் வரும் நீண்ட சொற்கள் ஒவ்வொன்றுக்கும் அழுத்தம் எந்த அசையில் என்பதை ஒலிக்குறிப்புள்ள அகராதியில் பார்த்து அடிக்கோடிட்டு, கைப்பேசியில் பதிவு செய்து, அகராதியின் ஒலிப்போடு ஒப்பிட்டுக் கேட்க வேண்டும். மெல்லினத்துக்குப் பின் வல்லினம் வரும் சொற்களை மட்டும் தனியே எடுத்து மெதுவாகப் பழகட்டும். பாட்டியிடம் வழக்கம்போல் தமிழிலேயே பேசட்டும்.