ஐ.எம்.எஃப்.பின் பலம் வாக்கிலா, கட்டமைப்பிலா?

கேள்வி: ஐ.எம்.எஃப்.பில் (சர்வதேச நாணய நிதியம்) அமெரிக்காவுக்குச் சுமார் 16.5% வாக்குதான். அப்புறம் எப்படி வீட்டோ (முடிவைத் தடுக்கும் அதிகாரம்) என்கிறார்கள்? கடன் வாங்கும் நாடுகள் மீது நவதாராளவாத நிபந்தனைகள் (தனியார்மயம், அரசுச் செலவுக் குறைப்பு போன்றவை) ஏறுவதற்கு இந்த வாக்கு பலம்தான் காரணமா? கட்டுரைக்கு ஒரு உதாரணமும் வேண்டும்.

பதில் 1: எல்லாவற்றுக்கும் வீட்டோ கிடையாது. ஒதுக்கீட்டுப் பங்கை (ஒவ்வொரு நாடும் நிதியத்துக்குத் தரும் பணத்தின் அளவு; வாக்கு பலம் பெரும்பாலும் இதைப் பொறுத்தது) மாற்றுவது போன்ற பெரிய முடிவுகளுக்கு 85% வாக்கு வேண்டும். 15%க்கு மேல் வைத்திருப்பவர் தடுத்துவிடலாம். 2010இல் ஐ.எம்.எஃப். ஏற்ற ஒதுக்கீட்டுச் சீர்திருத்தம், அமெரிக்க காங்கிரஸ் இழுத்தடித்ததால் 2016 ஜனவரியில்தான் அமலானது. கடன் ஒப்புதலுக்கோ சாதாரணப் பெரும்பான்மை போதும். இரண்டையும் குழப்பினால் வாதமே சாய்ந்துவிடும்.

பதில் 2: வாக்குக் கணக்கோடு நிற்காதீர்கள். அரசியல் பொருளாதார அறிஞர் சூசன் ஸ்ட்ரேஞ்ச் சொன்ன கட்டமைப்பு அதிகாரத்தைப் பாருங்கள்: பாதுகாப்பு, உற்பத்தி, நிதி, அறிவு என்ற நான்கில் விதியை வகுப்பவர் மற்றவர்களின் தேர்வுகளையே சுருக்கிவிடுகிறார். உதாரணம் கடனில் சிக்கிய கிரீஸ், 2015. ஜூன் 28இல் ஐரோப்பிய மத்திய வங்கி, கிரேக்க வங்கிகளுக்கான அவசர நிதியின் உச்சவரம்பை உயர்த்தவில்லை. மறுநாள் வங்கிகள் திறக்கவில்லை, ஏ.டி.எம்.மில் நாளுக்கு 60 யூரோதான். ஜூலை 5 வாக்கெடுப்பில் சுமார் 61% பேர், கடன் கொடுத்தவர்கள் (ஐ.எம்.எஃப்.பும் சேர்த்து) வைத்த நிபந்தனைகளை நிராகரித்தார்கள். ஜூலை 13இல் அதே அரசு ஓய்வூதியச் சீர்திருத்தம், தனியார்மயம் எல்லாவற்றுக்கும் சம்மதித்தது.

கேள்வி கேட்டவர்: இது நேரடி வற்புறுத்தல்தானே?

பதில் 2: ஓரளவுக்கு ஆமாம். ஆனால் அந்த வற்புறுத்தல் பலித்ததற்குக் காரணம், கிரீஸிடம் அச்சடிக்கச் சொந்த நாணயம் இல்லாதது. கட்டுரையில் அதை முதலில் வையுங்கள்.