இனிப்புக் காரப் பன்றிக்கறி நூடுல்ஸ்: அடுப்பில் உங்களுக்கு நடந்தது என்ன?

பதிவு 1

சாஸை ஊற்றிய பிறகு வரும் அந்த அரை நிமிடத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். கறி வதங்கிவிட்டது, இஞ்சி பூண்டு போட்டாயிற்று, நூடுல்ஸ் வடித்துத் தயாராக இருக்கிறது. சோயா சாஸ், பழுப்புச் சர்க்கரை, மிளகாய் விழுது மூன்றும் கலந்ததை ஊற்றினேன். முதலில் பொடிப்பொடியாக நுரைத்தது. அப்புறம் நுரை அடங்கி, குமிழிகள் பெரிதாகி, ஒவ்வொன்றாக மெதுவாக உடைந்தன. கறித்துண்டுகள் எல்லாம் பளபளவென்று ஆகிவிட்டன. அந்த நேரம் பார்த்து நூடுல்ஸைக் கொட்டிப் புரட்டினேன். அன்றைக்கு வந்த சுவை அதற்கப்புறம் வரவே இல்லை. இன்னொரு நாள் அதே அளவு, அதே அடுப்பு. யாரோ கதவைத் தட்ட, திறந்துவிட்டு வருவதற்குள் சாஸ் கறுத்துக் கசந்துவிட்டது. அந்தப் பளபளப்புக்கும் கசப்புக்கும் நடுவில் இருக்கும் சில நொடிகள் யாருக்காவது சரியாகப் பிடிபட்டிருக்கிறதா?

பதிவு 2

பெரிய குமிழி வந்ததும் அடுப்பைக் குறைத்துவிடுங்கள் சகோ. தண்ணீர் இருக்கும்வரை சாஸின் சூடு 100 டிகிரி செல்சியஸைச் சுற்றியே நிற்கும். வற்றிவிட்டால் விறுவிறுவென்று ஏறும், சர்க்கரையும் அதோடு சேர்ந்து கருகும்.

என் மனதில் நிற்பது வேறு. வீட்டில் விருந்தாளிகள், கறியும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. மொத்தமாகக் கடாயில் போட்டதும் சுர்ர்ரென்று ஒரு சத்தம், அப்புறம் அமைதி. கறி தண்ணீர் விட்டு, சாம்பல் நிறத்தில் அதிலேயே வேகத் தொடங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற அண்ணி ஒரு வார்த்தையும் பேசாமல் கரண்டியை எடுத்து, முக்கால்வாசிக் கறியைத் தண்ணீரோடு அள்ளித் தட்டில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அந்த 'சுர்' திரும்ப வந்தது. இப்போதெல்லாம் சமைக்கும்போது கண்ணைவிடக் காதைத்தான் நம்புகிறேன். வீட்டு அடுப்பில் உணவக அடுப்பின் சூடு வராது. பிரித்துப் பிரித்துப் போடுவது ஒன்றுதான் வழி.

பதிவு 3

"ஒன்றுதான் வழி" என்பதை நான் ஏற்கவில்லை. அடுப்பைச் சொல்வதற்கு முன் கறியைப் பாருங்கள். ஈரத்தோடு கடாயில் இறங்கும் கறி எந்த அடுப்பிலும் தண்ணீர்தான் விடும்.

என் கதை சின்னது. அப்பாவுக்குப் பல் சரியில்லை. பன்றிக்கறி என்றால் மென்று பார்த்துவிட்டுத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவார். ஒருநாள் அந்த ஓரம் காலியாக இருந்தது. "இன்னும் கொஞ்சம் இருக்காம்மா?" என்று கேட்டார்.

அன்றைக்குச் செய்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். கறியை உறைபெட்டியில் அரை மணி நேரம் வையுங்கள். முழுக்க உறைய வேண்டாம், விறைத்தால் போதும். கத்தி வழுக்காமல் மெல்லிசாக வெட்ட வரும். நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே வெட்டுங்கள். நாரின் போக்கிலேயே வெட்டினால் எவ்வளவு வேகவைத்தாலும் இழுக்கும். கொழுப்பில்லாத முதுகுக்கறியாக இருந்தால் அரைக் கிலோவுக்கு அரை டீஸ்பூன் சமையல் சோடா தடவி, பதினைந்து நிமிடம் கழித்துக் கழுவி, துணியால் நன்றாக ஒற்றி எடுங்கள். சோடா கறியின் மேற்பரப்பில் காரத்தன்மையை (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான தன்மை) கூட்டுவதால் புரதம் இறுகிச் சுருங்குவது குறையும். பிறகு சோயா சாஸ், சோள மாவு, எண்ணெய் ஒவ்வொரு ஸ்பூன் போட்டுப் பிசறுங்கள். இந்தக் கட்டத்தில் சர்க்கரையோ தேனோ வேண்டவே வேண்டாம். கறி சிவப்பதற்கு முன் இனிப்பு கருகிவிடும். தேன் இன்னும் மோசம். அதில் இருக்கும் ஃபிரக்டோஸ் சாதாரணச் சர்க்கரையைவிடக் குறைந்த சூட்டிலேயே நிறம் மாறத் தொடங்கும். இனிப்பு எல்லாம் கடைசியில் ஊற்றும் சாஸில் இருக்கட்டும்.

பதிவு 4

சோடா கூடிப்போனால் கறி பஞ்சாகிவிடும், சோப்பு வாடையும் வரும். தோள்பட்டைக் கறி வாங்கினால் அந்த வேலையே இல்லை, அதன் கொழுப்பே மெதுமெதுப்பைக் கொடுத்துவிடும்.

நான் கொத்துக்கறியில்தான் செய்வேன். கடாயில் பரப்பிவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். என் கணவருக்கு அது முடியாது, கிளறிக்கொண்டே இருப்பார். ஒருநாள் கையைப் பிடித்து நிறுத்தினேன். மூன்று நான்கு நிமிடம் கழித்துத் திருப்பினால் அடியில் செக்கச்செவேலென்று ஒரு மொறுமொறுப்பு. சாஸ் ஊற்றிய பிறகும் அது நமத்துப்போகவில்லை. இனிப்பும் காரமும் பிடித்து நிற்பது அந்த மொறுமொறுப்பில்தான். ஒன்று மட்டும், கொத்துக்கறி உள்ளே 71 டிகிரி வரை சூடேறியே ஆக வேண்டும். முழுத்துண்டுக் கறிக்கு 63 டிகிரியும் மூன்று நிமிட ஓய்வும் போதும். கொத்துக்கறியில் அந்தச் சலுகை கிடையாது.

பதிவு 5

கறியைப் பற்றியே பேசுகிறீர்கள், காரத்தைப் பற்றி யாருமே சொல்லவில்லை. காய்ந்த எண்ணெயில் மிளகாய்த் துகளைப் போட்டார் என் அறைத்தோழர். அடுத்த நொடி புகை, இருமல், கண்ணீர், ஜன்னலைத் தேடி எல்லோரும் ஓட்டம். அத்தனையும் தாண்டிச் சாப்பிட உட்கார்ந்தால் நூடுல்ஸில் காரமே இல்லை, கருகல் கசப்புதான். மிளகாயின் காரம் எண்ணெயில் கரையும், அதனால் எண்ணெயில் போடுவது சரியான முறைதான். ஆனால் எண்ணெய் இளஞ்சூட்டில் இருக்கும்போது போட்டு, நிறம் இறங்கியதும் அடுத்த பொருளைச் சேர்த்துவிட வேண்டும். நாக்கு எரிந்தால் தண்ணீர் குடிக்காதீர்கள். பால் குடியுங்கள்.

பதிவு 6

முதலில் எழுதிய நண்பருக்கு: நீங்கள் தேடும் நொடிகளைத் தின்பது சாஸ் இல்லை, நூடுல்ஸ். வடித்து வைத்தது ஒரே கட்டியாகிக் கிடந்தால் அதைப் பிரிக்கவே அரை நிமிடம் போய்விடும், அதற்குள் சாஸ் கருகும். என் அக்கா வீட்டில் இதை நேரில் பார்த்தேன். நூடுல்ஸ் அடை மாதிரி ஒரே துண்டாகக் கடாயில் விழுந்தது. இரண்டு கரண்டியால் அவர் அதைக் கிழித்துக்கொண்டிருக்க, சுற்றிலும் சாஸ் புகைந்தது.

கோதுமை நூடுல்ஸ் என்றால் பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே இறக்கி, பச்சைத் தண்ணீரில் அலசி, எண்ணெய் தடவி உதிர்த்து வையுங்கள். மெல்லிய அரிசி நூடுல்ஸைக் கொதிக்க விட வேண்டாம், வெந்நீரில் ஊறினாலே போதும். நூடுல்ஸ் வெந்த தண்ணீரில் அரை டம்ளர் எடுத்து அடுப்புக்குப் பக்கத்திலேயே வையுங்கள். சாஸ் இறுகுவது தெரிந்தால் ஒரு கரண்டி ஊற்றினால் மறுபடி இளகும், சூடும் இறங்கும். கருகத் தொடங்கிவிட்டதற்கு இது உதவாது. வினிகரை அடுப்பை அணைத்த பிறகு விடுங்கள், முன்னால் விட்டால் அதன் வாசம் ஆவியோடு போய்விடும்.