சோலரைஸ்டு டார்க்ல கமென்ட் மட்டும் கண்ணுக்கே தெரியல, பகல்ல என்ன தீம் போடறீங்க?

வணக்கம்ங்க. தர்மபுரி நாலு ரோடு பக்கம் எங்க கடையில உக்காந்துதான் கோட் எழுதறேன், பைத்தான்ல கடை பில்லிங் ஒன்னு ஓடிட்டு இருக்கு. கோட் எழுதற விஎஸ் கோட் எடிட்டர்ல சோலரைஸ்டு டார்க்னு ஒரு கலர் தீம் போட்டிருக்கேன். ராத்திரி அருமையா இருக்கு, ஆனா மேற்கு பாத்த கடைங்க, மூணு மணிக்கு மேல வெயில் உள்ள வந்துச்சுன்னா கமென்ட் (கோட்டுக்கு நடுவுல விளக்கமா எழுதற குறிப்பு) இருக்கற வரியெல்லாம் காலியா கிடக்கற மாதிரி தெரியுது. சரின்னு சுத்தமான கருப்புல வெள்ளை எழுத்து வர்ற தீம் போட்டா எழுத்து ஓரமெல்லாம் கசியற மாதிரி இருக்கு. லைட் தீம் போக மனசே வரல. என்ன பண்லாம்?

கிருஷ்ணகிரிக்காரன்:
தம்பி, தீம் பேரை விடு, கான்ட்ராஸ்டை பாரு, அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம். சோலரைஸ்டை 2011ல ஈதன் ஷூனோவர் பண்ணப்பவே கான்ட்ராஸ்ட் கம்மியா இருக்கணும்னு யோசிச்சுதான் பண்ணாரு, சாதா எழுத்துக்கே 4.8 கிட்டதான் வரும், கமென்டுக்கு 2.8தான். வெப் பக்கத்துல சின்ன எழுத்துக்கு குறைஞ்சது 4.5 வேணும்னு வைக்கறாங்க, அப்ப வெயில்ல 2.8 எப்படி தெரியும்? டிராகுலா தீம்லயும் கமென்ட் 3 பக்கம்தான், அதனால அதுக்கு மாறி பெருசா பலன் இல்ல. க்ரூவ்பாக்ஸ் டார்க் போட்டு பாரு, பின்னணி #282828, சாம்பல் கருப்பு, எழுத்து லேசான மஞ்சள், கமென்ட் 4 கிட்ட வருது. சோலரைஸ்டுதான் வேணும்னா செட்டிங்ஸ்ல டோக்கன் கலர் கஸ்டமைசேஷன்ஸ்னு தேடி கமென்ட்ஸ்க்கு மட்டும் வெளுப்பான கலர் குடுத்துடு, மத்ததெல்லாம் அப்படியே இருக்கும். கமென்ட்டை மங்கலா வைக்கற பழக்கமே எனக்கு புடிக்காது, பின்னாடி வர்றவன் முதல்ல படிக்க வேண்டியதே அதைத்தானே.

ஓசூர்_டெஸ்டர்:
எழுத்து கசியுதுன்னு சொன்னீங்களே, அதுக்கு ஒருதடவ கண் செக்கப் போய்ட்டு வந்துடுங்க ப்ரோ. சிலிண்டர் பவர் (அஸ்டிக்மாடிசம், கண்ணோட வளைவு சீரா இல்லாதது) இருக்கறவங்களுக்கு கருப்புல வெள்ளை எழுத்து அப்படித்தான் தெரியும், இருட்டு ஸ்கிரீனை பாக்கறப்ப கண்மணி விரியும், அப்ப அந்த கோளாறு இன்னும் ஜாஸ்தியா தெரியும். எனக்கும் இருக்கு, கண்ணாடி போட்டும் சுத்த கருப்பு ஒத்துக்கல, சாம்பல்தான் ஓடுது. அப்புறம் ஸ்கிரீன் பளபளன்னு இருக்கற டைப்பா? அப்படின்னா டார்க் தீம்ல உங்க மூஞ்சியும் ரோடும்தான் தெரியும், லேப்டாப்பை திருப்பி வைங்க, இல்ல அந்த ரெண்டு மணி நேரம் மட்டும் லைட் போடுங்க, தப்பே இல்ல. சோலரைஸ்டுலயே லைட்டும் இருக்கு, கீவர்ட் ஸ்டிரிங்குக்கு அதே கலர்தான், பழகின கண்ணு தடுமாறாது.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்கண்ணா, கமென்ட் கலர் மட்டும் மாத்தினேன், இப்ப தெரியுது. சிலிண்டர் பவர் பழைய சீட்டுல இருக்குங்க ப்ரோ, கண்ணாடிதான் போடறதில்ல, போடறேன். இன்னொன்னு, சர்வர்ல விம் (கட்டளை டைப் பண்ற டெர்மினல்ல ஓடற எடிட்டர்) தொறந்தா அதே சோலரைஸ்டு வேற கலர்ல வருதே?

கிருஷ்ணகிரிக்காரன்:
உன் சோலரைஸ்டு தீம் ஏத்துக்கும்னா விம்ல டெர்ம்குயிகலர்ஸ்ங்கற செட்டிங்கை (டெர்மினல்லயும் தீமோட முழு கலரை காட்டச் சொல்றது) ஆன் பண்ணு, பேக்ரவுண்ட் டார்க்னு குடு. அது இல்லன்னா டெர்மினலோட சொந்த கலரைத்தான் எடுத்துக்கும். உன் டெர்மினல் ட்ரூ கலர் (எல்லா கலரையும் அப்படியே காட்டற வசதி) சப்போர்ட் பண்ணலன்னா டெர்மினல் செட்டிங்ஸ்லயே அந்த 16 சோலரைஸ்டு கலரையும் போட்டுக்கணும்.